பத்துக்கு இரண்டு வாங்கிய ஓடை

ஆபீசில் அவருக்கு 'மோப்பம்' என்றுதான் பெயர். பின்னே? ஓடைக்கரையில் நீர்நாயின் எச்சத்தைக் கண்டால் குனிந்து முகர்ந்து, "நேத்து போட்டது" என்று சொல்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது! "கை கழுவாம சாப்பாட்டுல கை வச்சீங்க, தட்டைப் பிடுங்கிடுவேன்" என்று மனைவி வாசலிலேயே மறிப்பாள். சாலை, அணை என்று எது வந்தாலும், அந்த இடத்தில் எந்தப் பிராணி பிழைக்கும் என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை.

அந்த ஓடைக்கு மட்டும் கோடையில் போய்த் தொலைத்தார். புதிய சாலை ஓடையை வெட்டிக்கொண்டு போகப்போகிறது. ஐந்து மதிப்பெண் வந்தால் சாலைக்கு அடியில் நீர்நாய் கடக்கச் சுரங்கவழி கட்டியே ஆகவேண்டும், வராவிட்டால் கிடையாது. ஓடையோ காய்ந்து கிடந்தது. ஒரு பாறை இடுக்கில் மட்டும் நீர்நாயின் பழைய எச்சம், மீன் செதிலோடு. மழைக்காலத்தில் அவை வந்து குட்டி போடுகிற இடம் என்று மனிதருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எச்சத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அறிக்கையில் தனிக் குறிப்பு என்று எழுதலாம், எழுதினால் மழைக்குப் பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்தாக வேண்டும்.

"மழைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு சார். அறிக்கை வெள்ளிக்கிழமை போயாகணும்" என்றார் மேலாளர்.

மோப்பம் எச்சத்தைத் தீப்பெட்டியில் போட்டுவைத்துக்கொண்டு, பத்துக்கு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மல்லுக்கட்ட அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். பாவி மனுஷன்!

அடுத்த வருஷம் சாலை வந்தது. மழையும் வந்தது. பார்த்துவிட்டு வர அவரையே அனுப்பினார்கள். தார் ரோட்டில் ஏழு நீர்நாய்கள் செத்துக் கிடந்தன. அதில் இரண்டு குட்டிகள், தாயின் வாலை ஒட்டியே. அளந்து குறிக்கும்போது ஒரே அளவை இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று.

செத்தவற்றைப் பற்றி அவர் எழுதிக்கொண்டு வந்த படிவத்தை மேலாளர் திருப்பிக் கொடுத்தார். "'வழி தவறி வந்தவை'ங்கிற கட்டத்துல டிக் போடுங்க சார். உங்க மார்க்குப்படி அங்க நீர்நாய் பிழைக்கவே முடியாதே?"

"இல்ல சார், அதுங்க அங்கதான் இருந்துச்சு." தீப்பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தார்.

மேலாளர் செதிலை விரலால் கிளறினார். "இது எப்போ எடுத்தது?"

"மார்க் போட்ட அன்னைக்கு."

"அப்போ அன்னைக்கே ஏன் எழுதல?"

வெள்ளிக்கிழமை என்று விரட்டியவரே கேட்கிறார், பாருங்கள்! அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பேனா இவர் கையில் அல்லவா இருந்தது!

மோப்பம் தீப்பெட்டியை மூடினார். பேனாவை எடுத்து, காட்டிய கட்டத்தில் டிக் போட்டார்.