பேர்னாட்டுக்கு மெழுகுதிரி கொளுத்திய டொறின் அக்கா

டொறின் அக்கா போய்விட்டா. இன்று விடியப்புறம், கொட்டாஞ்சேனை வீட்டில், நித்திரையிலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

பழைய ஒஃபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் குடித்து முடிக்கும்வரை ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு... கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த ஒஃபிஸில் ரிசெப்ஷனில் இருந்தவ. ஃபோனே தேவையில்லை, அவவின் குரல் மேல்மாடி வரைக்கும் கேட்கும். படப் பைத்தியம்.

ஒருமுறை ஒஃபிஸ் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போனோம். காணாமல் போன மகன் திரும்பி வந்தானா இல்லையா என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். அடுத்த நாள் ஒஃபிஸ் இரண்டு கட்சி. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. டொறின் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"கதவு தட்டுற சத்தம் கேக்குது. தாய்க்காரி எழும்புறா. உடன தியேட்டர்ல லைட்டப் போட்டுட்டான்! தட்டுனது மகனா பால்காரனா எண்டு நான் யாருக்கிட்ட போய்க் கேக்க?"

"அதை நாங்கள்தான் யோசிக்க வேணும் அக்கா."

"யோசிக்க எனக்கு வீட்டில ஆயிரம் இருக்கு மகள். நான் டிக்கெட் எடுத்தது அவன் யோசிச்சதப் பார்க்க."

அப்படியென்றால் சீரீஸ் பாருங்கோ, அதில் ஆறுதலாக எல்லாம் சொல்வார்கள் என்றேன்.

"சீரீஸா? படம் விருந்தாளி மாதிரி. வந்தான், சாப்பிட்டான், போனான். சீரீஸ்காரன் வெள்ளவத்தையில ரூம் எடுத்த ஆள் மாதிரி. எழும்பிப் போகவே மாட்டான்."

நான் வெள்ளவத்தை. அந்தக் குத்து எனக்குத்தான்.

மகன் பிறந்த பிறகு வேலையை விட்டேன். என் கணவர் கட்டாரில் வேலை. ஃப்ளட்டில் நானும் மாமியும் பிள்ளையும். என்னோடு கதைக்கிற எல்லாரும் அவனைப் பற்றியே கேட்டார்கள். பால் காணுமா, நிறை காணுமா, ஏன் அழுகிறான்...

டொறின் அக்கா மட்டும் ஃபோன் கோல் எடுத்தால் முதல் கேள்வி, "இப்ப என்ன பார்க்கிறாய்?"

ஒருநாள் அவவிடம் சொல்லிவிட்டேன். "பயமா இருக்கு அக்கா. இனி ஏலாது. நான் என்னை ஏதும் செய்துபோடுவன் போல..."

 டொறின் அக்கா கேட்டா, "நீ பார்க்கிற அந்த கொரியன் சீரீஸ்ல இப்ப என்ன நடக்குது?"

சொன்னேன். மனைவி விட்டுப்போன ஒரு டாக்டரின் கதை. அவன் பெயர் டொறின் அக்காவின் வாயில் நுழையவில்லை. பேர்னாட் என்று வைத்தா.

"சரி. நாளைக்கு பேர்னாட்டுக்கு என்ன நடந்தது எண்டு நீதான் எனக்குச் சொல்லோணும். வேற ஒண்டும் செய்யத் தேவல்ல. வெளங்குதா?"

அடுத்த நாள் கோல் வரவில்லை. லீவு போட்டுவிட்டு ஆளே வந்து நின்றா. பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மாமிக்கு ஏதோ பகிடி சொல்லி, என்னை மனநலக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனா.

கிளினிக் வரிசையில் இருந்தபடி பேர்னாட்டின் கதையைச் சொன்னேன். "ஐயோ, அவன் தனிய என்ன செய்வான்!" என்று டொறின் அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த அன்ரி கலங்கிப்போனா.

"உங்கட சொந்தக்காரரோ?"

"சொந்தம் மாதிரித்தான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் அவனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்."

பகிடி என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருந்து ஃபோட்டோ வந்தது. இரண்டு மெழுகுதிரி. "சின்னது பேர்னாட்டுக்கு. பெரிசு உனக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கோல். ஹலோ கூட இல்லை... "பிறகு?"

சீரீஸ்தான் நல்லது என்று மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "இதையெல்லாம் ஒரு படத்தில முடிச்சிருக்கலாம் மகள்" என்பா. அதே மூச்சில், "மிச்சத்த நாளைக்குச் சொல்லு."

நேற்றும் அப்படித்தான் சொல்லிவிட்டு வைத்தா.

நாளைக்கு அடக்கம். மாமி போக விடமாட்டாவாம். பச்சைப்பிள்ளைக்காரி செத்த வீட்டுக்குப் போகக்கூடாதாம். சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

மருந்து எடுக்கிறேன். கிளினிக்குக்கும் போகிறேன். ஆனால் நாளைக் காலை "பிறகு?" என்று கேட்க ஆள் இல்லை...

இதை வாசிக்கிற யாராவது காலையில் எனக்கு ஒரு கோல் எடுங்கள், ப்ளீஸ். என்ன கதைக்கிறது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் எடுக்காவிட்டால் திரும்பவும் எடுங்கள்.

செத்த வீட்டில் நின்றுகொண்டு "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. நான் இங்கே வீட்டில்தானே இருக்கிறேன்...

போயிட்டு வாங்கோ, டொறின் அக்கா.