அசலை வெயிலில் மாட்டியவன்

அவளுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் ‘சாராயப் பேனா’தான். குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்கு ஆல்கஹால் மார்க்கரால் படம் போடுவது அவள் பிழைப்பு. மூடியைத் திறந்தாலே அறை முழுக்க ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். பொம்மைக்குக் கலர் அடிக்க ஒரு தனி ரூமா என்று கேட்காத உறவு கிடையாது. கேட்டவர்களே தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களை வெட்கமில்லாமல் அவளிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது மார்க்கர் பெட்டியோடு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தவளும் அவள்தான். கட்டிலருகே இருந்தபடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவை வரைந்தாள். ஒருநாள் அம்மாவே ஒரு மார்க்கரைப் பிடுங்கி, படத்தில் இருந்த போர்வைக்கு நீலம் தீட்டினாள். கை நடுங்கி, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்தது. “நல்லா இல்லன்னா நீ மேல பூசிக்கோ,” என்றாள். இவள் பூசவில்லை. அம்மா கையால் செய்த கடைசிக் காரியம் அதுவாகிப் போனது.

அண்ணனா? அவனுக்குப் பெரிய வேலை, ஓயாத மீட்டிங். போனில் டாக்டரை விரட்டியதோடு சரி, ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து, மூத்த பிள்ளை நான், படம் என் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துத் தொலைத்தாள். கொடுக்கும்போது அவனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். இந்த மை வெளிச்சத்துக்கு ஆகாது, வெளுத்துவிடும். சுவரில் மாட்ட அச்செடுத்த நகல் இதோ இருக்கிறது, அசலை அலமாரிக்குள் வையுங்கள் என்றாள். இரண்டு பேரும் தலையைத் தலையை ஆட்டினார்கள்.

ஆட்டிவிட்டு என்ன செய்தார்கள்? நகலை அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு, அசலுக்குச் சட்டம் போட்டு, கூடத்துப் பெரிய சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினார்கள். வருகிறவர்கள் கண்ணில் நகல் பட்டால் கௌரவம் என்னாவது! பாழாய்ப்போன கௌரவம்.

கோடை முடிந்ததும் அண்ணன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். உன் மை மட்டமான மை போலிருக்கிறது என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். கறுப்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. அம்மா முகம் சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடந்தது. போர்வையில் நீலம் துளிகூட மிச்சமில்லை.

“இன்னொரு தடவ கலர் அடிச்சுக் குடு,” என்றான் அண்ணன். “அந்தப் போர்வையையும் நீயே தீட்டிடு. அம்மா தீட்டினதுன்னு வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவள் தோல் நிற மார்க்கர்கள் அடுக்கியிருந்த தட்டை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். சந்தனம், கோதுமை, மாநிறம், கறுப்பு என்று தட்டு நிறைய இருந்தன.

“நான் எதுக்கு? நீயே அடி. அம்மா முகத்துக்கு எந்தக் கலர், எடு பாக்கலாம்.”

அண்ணன் ஒன்றை எடுத்துத் துண்டுக் காகிதத்தில் இழுத்துப் பார்த்தான். வைத்துவிட்டான். இன்னொன்றை எடுத்தான், அதையும் வைத்தான். அவன் நெற்றி வியர்த்தது. அவளுக்குப் பாவமாகவே இல்லை.

“வீட்ல நகல் இருக்குல்ல,” என்றான் கடைசியில். “அதப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவள் படத்தை எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

“அந்த நகல நீயே வச்சுக்கோ,” என்றாள். “உனக்கு அம்மா அவ்வளவுதான்.”