ஓடைப் பாலத்து ஏற்றத்தில் குருசாமி

காலை எட்டு மணிக்கு, பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் என் சைக்கிள் கடை வாசலில் நின்றது. ஒருநாளும் அங்கே நிற்காத வேன். ஓட்டுநர் இறங்காமலே தலையை மட்டும் வெளியே நீட்டி, "பாய், நம்ம குருசாமி விடியக்காலம் போயிட்டாரு. இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்தாக" என்றார். சீசன் நேரம், அவரால் நிற்க முடியாது. வண்டியை எடுத்துவிட்டார். நான் ஒரு பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியிருக்க வேண்டாமா என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். ஓடிப் போய் என்ன செய்ய? மூன்று வருடத்துக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டியவன் நான்.

நம் படிப்பகத்தின் கையெழுத்து இதழில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பங்சர் ஒட்டுகிற கைக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது என்று தப்பிக்கப் பார்த்தேன். "உங்களவிட அவருக்கு நெருக்கம் யாரு பாய்?" என்றார்கள். அது உண்மை. அதனால்தான் எழுத வரவில்லை.

உங்களில் பலருக்கு அவரை ஞாயிற்றுக்கிழமை குருசாமியாகத்தான் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு, படிப்பகத்தில் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, முதல் பக்கம் வருவதற்குள் யாரிடமாவது வம்பு வளர்த்துவிடுவார். எனக்கு மற்ற ஆறு நாள் குருசாமியைத் தெரியும். ஆலையில் மருந்து கலக்கும் அறையில் அவருக்கு வேலை. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் சலித்துச் சேர்க்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும் என்பதால் கலவைக்காரர்கள் ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். வேன் எட்டு மணிக்குத்தான். ஆகவே அவருக்கு சைக்கிளை விட்டால் வழியில்லை. பதினொரு கிலோமீட்டர், தெற்கே. கலவை அறைக்குக் கூலி கூடுதல். அந்தக் கூடுதலில்தான் மகள் செல்வி விருதுநகரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியவில்லை என்றால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னாலே போதும்.

சைக்கிள் என்னிடம் வாங்கியதுதான். இருபத்திரண்டு இஞ்ச் கறுப்பு வண்டி, பழசு. கியர் கிடையாது, மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். அதை அவர் கொன்ற விதம் உலகத்தில் வேறு எவரும் ஒரு சைக்கிளைக் கொல்லாத விதம். தினமும் வேலை விட்டு வந்ததும் இரண்டு குடம் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவார். அச்சு, செயின், பெடல் ஒன்றையும் விடமாட்டார். ஆலையில் அவர்களுக்கு அதுதான் பாடம். அறைக்குள் நுழையுமுன் தண்ணீர், முடித்த பின் தண்ணீர், மருந்து பட்ட இடமெல்லாம் தண்ணீர். இரும்புச் சாமான் உள்ளே போகக் கூடாது, சாவிக்கொத்துகூட வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். அதனால் இந்த மனிதர் தன் சைக்கிளைப் பூட்டியதே இல்லை. பூட்டாத சைக்கிள் திருடு போகவில்லை, கழுவிய சைக்கிள் துருப்பிடித்தது. கிரீஸ் எல்லாம் கரைந்து, அச்சுக்குள் இருக்கிற குண்டுமணிகள் செங்கல் பொடி நிறத்தில் வந்து விழும்.

"நீரு குளிக்கிறது சரி. இதையும் ஏன்யா குளிப்பாட்டுறீரு?" என்று நான் கத்துவேன்.

"மருந்து ஒட்டுன எதையும் தண்ணி காட்டாம வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது பாய். ஒரு பொறி போதும்" என்பார். எத்தனை முறை சண்டை போட்டும் அந்தப் பழக்கத்தை என்னால் மாற்ற முடியவில்லை. அவர் கை மணிக்கட்டு வரை வெள்ளி பூசியது போல மினுங்கும். அந்தக் கையால் என் பெஞ்சைத் தொடமாட்டார். நின்றுகொண்டே பேசுவார்.

ஊருக்குத் தெற்கே ஓடைப் பாலத்து ஏற்றம் உங்களுக்குத் தெரியும். குருசாமிக்கு அதுதான் அளவுகோல். சைக்கிளை நான் பிரித்து மாட்டிக் கொடுத்தால், மறுநாள் வந்து, "ஏத்தத்துல இறங்கல பாய்" என்பார், மிதித்தே ஏறிவிட்டார் என்று அர்த்தம். அதுதான் எனக்குச் சான்றிதழ். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில் வரைக்கும் அந்த வண்டியில் போய்வருகிற ஆள் அவர். பிறகு ஓர் ஆடி மாதம், மேல்காற்று அடிக்கிறது, பாலத்தில் இறங்கித் தள்ளினேன் என்றார். காற்றுக்கு யார்தான் இறங்கமாட்டார்கள்? காற்று நின்ற பிறகும் இறங்கினார். அடுத்த வருடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள புளியமரத்திலேயே இறங்கத் தொடங்கினார். "வண்டி கனக்குது பாய். எம்புட்டு மிதிச்சாலும் பின்னால யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு."

துருதான் காரணம் என்று நானும் நம்பினேன். முதல் வருடம் அது பொய்யும் இல்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து அந்த வண்டியைக் குறைக்க ஆரம்பித்தோம். செயின் மூடியைக் கழற்றினோம். கேரியரைக் கழற்றினோம், தூக்குவாளி ஹேண்டில்பாரில் தொங்கியது. ஸ்டாண்டையும் கழற்றினோம், வண்டி ஆலை வாசலில் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. மனைவி பேச்சியம்மாள் பழைய மொபெட் ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். "நாள் பூரா மருந்துக்கு நடுவுல உக்காந்துட்டு, போற வழியில பெட்ரோல் மேல வேற உக்காரணுமா?" என்று குருசாமி சிரித்தார். கைக்கு எட்டாத விலை என்பதை அப்படித்தான் சொல்வார். அவர் கையிலிருந்த தொகைக்கு நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பின்சக்கரத்து பிரீவீலை மாற்றுவது. பதினெட்டுப் பல் இருந்த இடத்தில் இருபத்திரண்டு பல் போட்டால், வேகம் குறையும், மிதி லேசாகும். மதுரையிலிருந்து வரவழைத்தேன். செயினுக்கு இரண்டு கண்ணி சேர்த்தேன். அச்சு, குண்டுமணி, அது உருளுகிற கப்பு எல்லாம் புதிது. இருபத்தைந்து வருடம் கடை நடத்தியவன் சொல்கிறேன், அதைவிட லேசாக ஒரு சைக்கிளை நான் பிரித்து மாட்டியதில்லை.

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. "பாத்தீகளா, உடம்புன்னா மாத்த முடியுமா? சைக்கிளுன்னா மாத்திக்கிடலாம்" என்றார்.

நான்கு நாள் கழித்து வந்தார். கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேச முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். "கனக்குது பாய்" என்றார்.

அவரை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, நானே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். புளியமரம் தாண்டினேன். பாலத்து ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே ஏறிவிட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. பாலத்துக்கு மேலே ஒரு காலை ஊன்றி நின்றேன். அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கனத்தது சைக்கிள் இல்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம், ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டுங்கள், அந்த அறையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கடை வாசலில் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையை விட்டால் கூடுதல் கூலி போகும், செல்வியின் படிப்பு பாதியில் நிற்கும். அதை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமாய்யா, கனக்கத்தான் செய்யுது. பின் கப்புல ஏதோ கோளாறு. விட்டுட்டுப் போங்க, பார்க்குறேன்" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது போலிருந்தது. அந்தப் பொய்யை நான் இரக்கம் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்பது இப்போது தெரிகிறது.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். நல்ல கப்பைக் கழற்றி வேறு நல்ல கப்பைப் போட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை. அப்படியும் கனக்கிறது என்றதும், எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய கியர் சைக்கிளைக் கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கிக் கொடுத்தேன். பிடித்தால் தவணையில் பேசிக்கொள்ளலாம் என்றேன். மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"காலு பாட்டுக்குச் சுத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது. புளியமரத்துல இறங்கிட்டேன்" என்றார். பிறகு அந்தக் கியர் வண்டியையும் தன் கறுப்பு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லை மாத்தியாச்சு. கப்பை மாத்தியாச்சு. சைக்கிளையே மாத்திப் பாத்தாச்சு. இன்னும் என்ன பாய் மாத்தணும்?"

அல்லாஹ் எனக்குக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அது. நான் சொன்ன பதில் இதுதான்: "சீட்டை ஒரு இஞ்ச் ஏத்திப் பாப்போமா?"

ஏற்றினோம். ஸ்பேனரை நான்தான் திருகினேன்.

அந்தச் சைக்கிளிலேயே அவர் இன்னும் இரண்டு சீசன் போனார். ஆறு மணிக்குப் போய்ச் சேருவதற்காக நான்கரைக்கே கிளம்பினார், பாதி தூரம் தள்ளிக்கொண்டு. பிறகு நான்கு மணிக்கு. செல்வி படிப்பை முடித்தாள் என்பதை இங்கே எழுத வேண்டும். அதைச் சொல்லி யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், சொன்னவர்களிடம் நான் சரியாகப் பேசவில்லை.

ஒரு தீபாவளி முடிந்து ஆலை மூடியிருந்த நாட்களில், வீட்டு வாசற்படி ஏறவே அவரால் முடியாமல் போனது. பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூவரும் பஸ்ஸில் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சார். சைக்கிள்தான் கனமா இருந்துச்சு. வேணும்னா இந்தா, பாய்ட்ட கேளுங்க" என்றார் குருசாமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். குருசாமி அதைக் கேலியாகச் சொன்னாரா, என்னை மாட்டிவிடச் சொன்னாரா, முழுக்க நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பொடி உள்ளே படிந்து நெஞ்சு இறுகிவிட்டது, இனிமேல் மருந்து கொடுத்து ஓட்டலாமே தவிர சரியாகாது என்றார் டாக்டர். சில வருடம் முன்னாலேயே அந்த வேலையிலிருந்து விலகியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். சில வருடம் என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு வருடம்கூட இல்லை. கடைசி மாதங்களில் நான் போனால் படுக்கையிலிருந்தே, "வண்டிக்கு எண்ணெய் விட்டீகளா?" என்று கேட்பார். விட்டேன் என்பேன். "நான்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்துப்புட்டேன் போல" என்பார். "ஆமா, எம்புட்டுச் சொல்லியும் கேட்டீகளா?" என்று நானும் பழைய மாதிரியே திட்டுவேன். திட்டினால் அவருக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிட வேறு பேச்சு வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், பேச்சியம்மாள் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது முடித்த முகம்.

"யாருக்காச்சும் ஆகுமான்னு பாருங்க பாய். வீட்டுல நின்னா அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு சொன்னார்: "சைக்கிளுக்குத் தினமும் தண்ணி ஊத்துனாரு. நெஞ்சுக்குள்ள போனதுக்கு எங்கன இருந்து ஊத்துறது?"

அவர் போகத் திரும்பினார், நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். நெசமாவே அது கனமாத்தான் இருந்துச்சா?"

மூன்றாவது வாய்ப்பு. ஆள் போன பிறகு வந்த வாய்ப்பு. இனி அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வராது.

"ஆமாம்மா. கனமான வண்டிதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம் இதழை செல்வி அவருக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு மூன்று தடவையும் வாய் வரவில்லை.

குருசாமியுடையதாக என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான், கறுப்பு வண்டி. அதை விற்கவில்லை. கேரியரையும் ஸ்டாண்டையும் திரும்ப மாட்டிவிட்டேன், அதனால் முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது. மாலையில் கடையைப் பூட்டிவிட்டு அதில் தெற்கே ஒரு நடை போய்வருகிறேன். புளியமரம் வருகிறது, பாலம் வருகிறது, ஏற்றத்தில் நான் இறங்குவதில்லை. குருசாமியைவிட எனக்கு ஆறு வயது அதிகம்.