ஓ சாரின் தகைவிலான்

போன சனிக்கிழமை, என் வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது.

எழுதுகிறவர்களுக்கு இது கனவு. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட வாசகர் இல்லை. பதினைந்து பதினாறு பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் மண்வெட்டி.

இடம்: காஞ்சிபுரத்திலிருந்து கூரம் போகும் வழியில் ஓர் ஏரிக்கரை. நேரம்: காலை ஒன்பது. குற்றம்: குருவி பார்த்தது.

முதலில் ஓ சாரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருந்தவர். கொரியாக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். குடும்பப் பெயர் ஓ. அவ்வளவுதான், ஒரே எழுத்து. மரியாதைக்கு நாங்கள் சாரைச் சேர்த்தோம். மாடிப்படியின் கீழே நின்று என் மனைவி "ஓ சார்!" என்று கூப்பிட்டால், எதிர்வீட்டில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

தீவிரமான கிறிஸ்தவர். அவர்கள் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கே சர்ச்சில் கூடி ஜெபம் செய்வது வழக்கமாம். மழை, பனி எதற்கும் லீவு கிடையாது. இங்கே வந்ததும் சிக்கல். கொரிய மொழியில் ஆராதனை நடக்கும் சர்ச் ரொம்ப தூரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடியும். மற்ற ஆறு நாளும் பழக்கதோஷத்தில் விழித்துக்கொள்கிறவர் என்ன செய்வார்?

பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார்.

பறவைகளைக் கவனிக்கும்படி அவருடைய ஆண்டவரே சொல்லியிருக்கிறாராம். கேட்டவர்கள் எல்லாரும் அதற்கு உள்ளர்த்தம் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஓ சார் மட்டும் போய்ப் பார்த்தார்!

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். காலையில் கண்ணில் படும் முதல் பறவையின் பெயரை நோட்டில் எழுதுவார். அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர். அன்றைய ஜெபம் அவருக்காக. தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒரு நீர்க்காகம். தெருமுனை டீக்கடை ரஹீம் பாய் ஒரு மீன்கொத்தி. இருவருக்கும் இந்த விஷயம் இன்றுவரை தெரியாது.

நான் எப்படி இதில் மாட்டினேன்? டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். என் மனைவி என்னை ஓ சாரிடம் ஒப்படைத்தாள். பறவை பார்ப்பதில் நடப்பது கொஞ்சம், நிற்பதுதான் நிறைய என்பதை நான் டாக்டரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குப் பறவை தெரியாதா என்ன? மயில், கிளி, அன்னம், இருதலைப்பட்சி - நாலும் பட்டுப்புடவை முந்தானையில் ஜரிகையாக உட்கார்ந்திருப்பவை. இருதலைப்பட்சி பற்றி ஓ சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பரபரப்பாக நோட்டைத் திறந்து, "விச் லேக்?" என்று கேட்டார்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி அவருக்கு விமானம். ஒப்பந்தம் முடிந்து மொத்தமாக ஊர் திரும்புகிறார். காலை பதினோரு மணிக்கே கம்பெனி கார் வந்து அழைத்துப் போய்விடும். அதற்குள் ஒரு பறவையைப் பார்த்தாக வேண்டும்.

தகைவிலான். சின்னக் குருவிதான். வால் மட்டும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். கொரியாவில் ஓ சாருடைய அம்மா வீட்டு இறவாரத்தில் வருடாவருடம் மண்கூடு கட்டுமாம். குளிர் வருவதற்குள் தெற்கே கிளம்பிவிடும். கிளம்பிய அன்றே அம்மா மகனுக்குப் போன் போடுவார்: "இங்கே கிளம்பிவிட்டார்கள். அங்கே வந்தார்களா?"

இவர் ஏரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். போன இரண்டு வருடமும் சொன்னார். இந்த வருடம் போன் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. குருவி வரவில்லை.

"அந்தக் குருவிகள் காஞ்சிபுரத்துக்குத்தான் வரும் என்று என்ன நிச்சயம்? வேறு எங்காவது போயிருக்கும், சார்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அம்மா ப்ரே. நான் லுக். சேம் டியூட்டி."

எண்பத்திரண்டு வயது அம்மா. மகன் மூன்று வருடமாகக் கடல் தாண்டி இருக்கிறான். அந்த அம்மா விசாரித்தது குருவியை மட்டும்தானா?

காலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது, கோயிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா பெருமாளைப் பாக்காம காக்காவைப் பாக்கப் போறீங்களா?"

போனோம். ஏரியில் பாதித் தண்ணீர். ஓ சார் மூன்று கால் ஸ்டாண்டில் டெலஸ்கோப்பைப் பொருத்தினார். ஏழு மணிக்கு, "அதோ!" என்று கத்தினேன். "பனை உழவாரன்" என்றார். ஏழரைக்கு மறுபடி, "அதோ அதோ!" அதுவும் பனை உழவாரன். எட்டரைக்குப் பொறுமை போய்விட்டது - எனக்கு.

"சார், இதையே தகைவிலான்னு எழுதிக்குங்க. அம்மாகிட்ட வந்தாச்சுன்னு சொல்லிடுங்க. யார் பார்க்கப் போறாங்க?"

அவர் விரலை மேலே காட்டினார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒரு பருந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நூறு நாள் வேலையில் கரையைச் சீர்செய்யும் பெண்கள். நின்றார்கள். டெலஸ்கோப்பைப் பார்த்தார்கள்.

"கொக்கு புடிக்கிறவங்க போலக் கீது" என்றாள் ஒருத்தி.

"புரட்டாசில எவன்டி கொக்கு புடிப்பான்? ஸ்டாண்டு வெச்சிக்கினு கீறாங்க பாரு. இது சர்வே!" என்றார் முன்னால் நின்றவர்.

நெற்றியில் நாமம், தலையில் துண்டு, ஐம்பது வயது இருக்கும். தனலட்சுமி என்ற அவர் பெயர் பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவி அவர்தான் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டைக் கண்டால் ஜனங்களுக்குப் பயம். முதலில் ஸ்டாண்டு வரும். அப்புறம் கல் நடுவார்கள். அப்புறம் ரோடோ, கம்பெனியோ ஏதோ ஒன்று வரும், நிலம் போகும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

"யாருபா நீங்க? யாரு நெலத்த அளக்குறீங்க?"

விளக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். முப்பது வருடமாக எழுதிப் பிழைக்கிறவன் அல்லவா?

"அளக்கலம்மா. சார் கம்பெனியில இருக்கார்..."

"கம்பெனியா!"

"இல்ல இல்ல, பறவைங்களைக் கணக்கெடுக்கறார்."

"கணக்கெடுத்துட்டு, நாளைக்கு சரணாலயம்னு போர்டு மாட்டி மாடு எறங்கக்கூடாதும்பீங்க!"

"அதெல்லாம் இல்லம்மா, அவர் இன்னிக்கே ஊருக்குக் கிளம்பறார்."

"அப்ப அளந்து முடிச்சாச்சா?"

மூன்று வாக்கியம் பேசினேன். மூன்றும் நிலைமையை மோசமாக்கின. "பஞ்சாயத்து தலைவருக்கு போன் போடுடி" என்று பின்னால் ஒரு குரல். மணி ஒன்பது ஐந்து. ஓ சார் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு டெலஸ்கோப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்று, இரண்டு கையாலும் அதைக் காட்டினார்.

"பாருங்கம்மா."

மண்வெட்டியைக் கீழே வைக்காமலே தனலட்சுமி குனிந்தார். ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையால் பொத்திவிட்டாள்.

"ஐய...! இன்னாடி இது! நாமம் போட்டுக்கினு கீது!"

ஏரி நடுவில் கறுப்பாக மிதக்குமே, நாமக்கோழி. நெற்றியில் பளீரென்று வெள்ளை நாமம்.

"நாமக்கோழி நாமக்கோழின்னு சின்ன வயசுலருந்து சொல்லிக்கினு கீறேன். நாமத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுவும் புரட்டாசி சனிக்கெழமையில... பெருமாளே!"

மண்வெட்டி கீழே விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் டெலஸ்கோப்பின் பின்னால் ஒரு வரிசை. "இடிக்காதீங்கடி, எல்லாருக்கும் தரிசனம் உண்டு!" வடகலையா தென்கலையா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பேச்சை ஆரம்பித்தால் பதினோரு மணிக்குள் முடியாது.

"இதுக்கா அம்மாந் தொலவுலருந்து வந்துகீறாரு?" என்று கேட்டார் தனலட்சுமி.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓ சார் கை கூப்பினார். "ப்ரேயர்மா. எங்க அம்மா ப்ரேயர்." செல்போனை நீட்டினார். இறவாரம், மண்கூடு, அதன் மேல் கவட்டை வால் குருவி, கீழே சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு வயதான அம்மா.

தனலட்சுமி படத்தைப் பார்த்தார். ஓ சாரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அம்மாவோட வேண்டுதல்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாபா உனுக்கு? கம்பெனின்ற, கணக்குன்ற!"

வேண்டுதல்! இதற்கு மேல் காஞ்சிபுரத்தில் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கோயில் கூரையில் இருக்கும் பல்லியைத் தொடப் படியேறி வரிசையில் நிற்கிற ஊர் இது. ஏரிக்கரையில் குருவியைப் பார்க்க ஒருவர் நின்றால் என்ன அதிசயம்? அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. வேண்டுதல் நிறைவேறியதா இல்லையா? அது மட்டும்தான் கேள்வி.

"இந்தக் குருவியா? எங்க மோட்டார் கொட்டாய்க் கம்பியில முந்தாநேத்துலருந்து குந்திக்கினு கீது! வா சார்!"

ஓடினோம்! முன்னால் தனலட்சுமி. பின்னால், ஸ்டாண்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓ சார். அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நான். எனக்குப் பின்னால் பதினைந்து மண்வெட்டிகள். அந்த நேரம் பஸ்ஸில் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மோட்டார் கொட்டகை வந்தது. கம்பியும் வந்தது.

கம்பி காலி.

ஓ சார் ஸ்டாண்டைக் கீழே வைத்தார்.

"இருபா, வரும்" என்றார் தனலட்சுமி. "ஏய், எல்லாரும் அந்தப் புல்லுல எறங்கி நடங்கடி. பூச்சி கெளம்பினா தன்னால வரும்."

பதினைந்து பெண்களும் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். புல்லிலிருந்து பூச்சி புகை மாதிரி எழுந்தது. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. என் காதை உரசிக்கொண்டு ஒன்று! அதன் பின்னாலேயே இன்னொன்று! கருநீலப் பட்டை வெயிலில் திருப்பினால் ஒரு மினுமினுப்பு ஓடுமே, அந்த முதுகு. செங்கல் நிறத் தொண்டை. கவட்டை வால்! ஐயோ, நிஜமாகவே கவட்டை வால்!

"ஹானா, துல், செத்..." என்று ஓ சார் அவர் மொழியில் எண்ணினார். "நாலு, அஞ்சி, ஆறு..." என்று பெண்கள் தொடர்ந்தார்கள். மொத்தம் பதினொன்று. நான் குதித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். நான் மறுக்கிறேன்.

ஓ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனி படிந்துவிட்டதாம். ஒன்பதரை மணி வெயிலில்.

உடனே அம்மாவுக்கு வீடியோ கால். போனை வானத்துக்குக் காட்டினார், கம்பிக்குக் காட்டினார். தனலட்சுமி போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நல்லா கீறியா? உங்க குருவிங்க பத்திரமா வந்துருச்சி. புள்ளயும் ராத்திரி கெளம்புது. கவலப்படாத, இன்னா?"

அந்த அம்மா கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். "ஆமா ஆமா, அப்பிடித்தான்" என்றார் தனலட்சுமி. இரண்டு பேருக்கும் பேச்சு திருப்தியாக முடிந்தது.

ஓ சார் தலைகுனிந்து ஜெபம் செய்தார். பெண்களும் தலையைக் குனிந்தார்கள். இந்த மாதிரி மௌனங்களில் நான் வழக்கமாக அடுத்த வாரப் பத்திரிகைக்கான ஜோக்கை யோசிப்பேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை.

நோட்டில் தகைவிலான் என்று எழுதிவிட்டு, அவர் தனலட்சுமியின் பெயரைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"உங்களுக்காக ப்ரே பண்ணப் போறார்மா. என்ன வேணும்னு கேக்கறார்" என்றேன்.

தனலட்சுமி ஏரியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

"எதுவும் புதுசா வேணாம். இதெல்லாம் இப்பிடியே இருக்கணும். நெசமாவே ஸ்டாண்டு தூக்கிக்கினு எவனும் வரக்கூடாது. அத்த அவரு சாமிகிட்ட சொல்லச் சொல்லுபா."

ஓ சார் அதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கார் ஏறும்போது பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "நெக்ஸ்ட் இயர் அம்மா போன். யூ லுக்." அடுத்த புரட்டாசிக்குள் எனக்குப் பறவை தெரிந்தாக வேண்டும். பொய் சொல்லவும் முடியாது. விரலை மேலே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமையே ஏரிக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு காக்கா. முறைப்படி புது நோட்டில் எழுதி, பக்கத்தில் என் மனைவியின் பெயரையும் எழுதினேன். மனப்பூர்வமான பிரார்த்தனைதான்.

நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் தெரியவில்லை.