டெய்லர் வண்டியின் சிவப்பு விளக்கு

எங்கள் தெருவில் டிரெய்லரை யாரும் டிரெய்லர் என்று சொன்னதில்லை. டெய்லர்தான். "ரைஸ்மில் டெய்லர் வந்துகினு கீது, புள்ளைங்கள உள்ள இழு" என்று யாராவது குரல் கொடுத்தால், கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் சைக்கிளில் வரப்போகிறார் என்று வெகுநாள் எதிர்பார்த்தவள் நான். வந்ததோ டிராக்டர். அதன் பின்னால் கடகடவென்று ஓர் இரும்புப் பெட்டி. டிராக்டர் மேலே, ஆரணி ஊரையே ஓட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி, ரைஸ்மில் டிரைவரான என் சித்தப்பா.

ஓர் ஆடி மாதத்தில் அந்தப் பெட்டி வீடாயிற்று. படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் வியாழக்கிழமையே போய், வண்டியிலேயே படுத்து எழுந்து, வெள்ளிக்கிழமை படையல் போட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் பக்க வழக்கம். மில்லில் கேட்டு வண்டியைக் கொண்டுவந்த சித்தப்பா மூங்கிலை வளைத்துக் கூண்டு கட்டினார். தார்ப்பாய் போர்த்தினார். வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்தார். டிராக்டர் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஒயரை இழுத்துக் கூண்டுக்குள் குட்டி பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். பகலிலேயே அதைப் போட்டுவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். சக்கரம் வைத்த வீடு. சுவர் அசையும் வீடு. பிடிக்காவிட்டால் தெருவை விட்டே ஓடிவிடக்கூடிய வீடு.

அப்பாவுக்கு மட்டும் அந்த வீடு பிடிக்கவில்லை. முந்தின வருஷம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் மாட்டு வண்டியை இருட்டில் ஒரு லாரி பின்னாலிருந்து இடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்களில் அப்பாவும் உண்டு. திரும்பி வந்தவர் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, நெய்யாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஆகவே இப்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பின்னாடி செவப்பு லைட்டு எரியணும். எரியலன்னா ஊட்லயே பொங்க வைங்க."

எரியவில்லை. பெட்டிக்கு அடியில் ஓடிய பழைய ஒயர் அங்கங்கே இற்றுப்போயிருந்தது. கிடைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒட்டுப்போட்டால்தான் விளக்கு வரை எட்டும். இங்கேதான் அம்மா வந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதற்கு எங்கள் தெருவில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு ஒரு திருகு, அவ்வளவுதான். அவள் சேர்த்த இழையை இழுத்தால் வேறெங்காவது அறும், அந்த இடத்தில் அறாது.

"அண்ணி, உங்க முறுக்கு கெட்டி. நீங்க சேத்துக் குடுத்துகினே வாங்க, நான் டேப்பு சுத்திகினே வரேன்" என்றார் சித்தப்பா.

அவள் சேர்த்தாள். அவர் சுற்றினார். மத்தியானம் போய், வெயில் சாய்ந்த பிறகும் சுற்றினார். கடைசியில் பெட்டியின் முதுகில் ஒரு குங்குமப் பொட்டு எரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். சரி என்றார். கூலிக்கு நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மனுக்குச் சார்த்தவென்று அவரே நெய்த சிவப்புப் பட்டு, மஞ்சள் துணியில் சுற்றியபடி சித்தியின் மடியில் இருந்தது. போகும் வழியெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள் சித்தி.

சந்தவாசல் தாண்டும்போது பொழுது மங்கிவிட்டது. மலைப் பக்கமிருந்து மழை வந்தது. முதலில் தார்ப்பாயின் மேல் யாரோ அரிசி இறைப்பதுபோல, பிறகு மூட்டையையே கவிழ்ப்பதுபோல. பெட்டியின் பின்பக்கம் மட்டும் திறந்திருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் சாலையைப் பார்த்தபடி வந்தேன். ஈரத் தாரில் எங்கள் விளக்கு சிவப்பாக விழுந்து, சிவப்பு நாய்க்குட்டியைப்போல் எங்கள் பின்னாலேயே ஓடிவந்தது. பள்ளத்தில் குதித்தது. தண்ணீரில் உடைந்து மறுபடி சேர்ந்தது. பிறகு காணவில்லை.

"அம்மா, நாய்க்குட்டி பூடுச்சி" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். சாலை வெறும் கறுப்பாகக் கிடந்தது. "தம்பி, வண்டிய நிறுத்து" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். கூண்டின் முகப்பில் தார்ப்பாய், அதற்கு அப்பால் டிராக்டரின் இரைச்சல், எல்லாவற்றின் மேலும் மழை. சித்தப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழியால் கூண்டை இடித்தாள். அதுவும் கேட்கவில்லை. அப்போது பின்னால் திருப்பத்தில் இரண்டு வெளிச்சங்கள் முளைத்தன.

"அக்கா, பெரிய வண்டி வருது" என்றாள் சித்தி.

"பொடவைய எடு."

"அக்கா, அது அம்மனுக்கு..."

"எடுன்றேன் இல்ல."

மஞ்சள் துணி அவிழ்ந்தது. மடிப்புக் கலையாத பட்டை அம்மா உதறிய சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஒரு முனையை அவளும் மறுமுனையைச் சித்தியும் மூங்கிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த பின்பக்கத்துக்குக் குறுக்கே அதை ஒற்றைத் திரையாக விரித்தார்கள். கூண்டு பல்பைக் கொக்கியிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தாள் அம்மா. "துணிகிட்ட காட்டு. படாம காட்டு, சூடு." காட்டினேன். எங்கள் வீட்டின் பின்சுவர் முழுவதும் சிவந்துபோயிற்று. என் கை, சித்தியின் கன்னம், வைக்கோல், பொங்கல் பானை எல்லாம் சிவப்பு. பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அது அழகாக இருந்தது. அந்த அழகுக்குள் நின்றுகொண்டு நான் கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்: புடவை நனைகிறதே, அப்பா என்ன சொல்வார்.

பிரேக் சத்தம் கேட்டது, பிறகு நீண்ட ஹாரன். அது சித்தப்பாவின் காதுக்கும் எட்டி, டிராக்டர் ஓரம் கட்டி நின்றது. பின்னால் நின்றது பஸ். டிரைவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது, டெய்லரா தேரா? தூரத்துலயே செவப்பா தெரிஞ்சிச்சி, ஸ்லோ பண்ணிட்டேன். இல்லன்னா இந்நேரம் பேஜாராயிருக்கும்."

ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "நான் ஆத்தாவே முன்னாடி போறான்னு கன்னத்துல போட்டுகினேன். பாத்தா பொங்கப்பானை கீது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், படிக்கட்டிலிருந்து செருப்பில்லாமல் குதித்து ஓடிவந்தவர் அப்பா. அது அவர் வருவதாகச் சொன்ன சாயங்கால பஸ்.

திரை இன்னும் விரிந்தே இருந்தது. கையை எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் சித்திக்கும் தோன்றவில்லை. அப்பா அதை விலக்கிக்கொண்டு உள்ளே தலையை நீட்டி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார். என் கையிலிருந்த பல்பை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவர் நல்ல மனுஷர். "நான் லைட்ட போட்டுகினு நிக்கிறேன், ஜல்தி முடிங்க" என்றார். பஸ் வெளிச்சத்தில் சித்தப்பா பெட்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒயரைப் பிடித்தபடி வெளியே வந்தார். சுற்றிய டேப் பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது. உள்ளே கம்பியில் சாம்பல், மழையில் கரைந்து சேறாக.

"இன்னா அண்ணி, ஒயருக்குத் துன்னூறு பூசி உட்டிருக்கீங்க?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கைப்பழக்கம் தம்பி. சாம்பல் தொடாம எனக்கு முறுக்கு வராது."

"முறுக்கு அப்டியேதான் கீது. டேப்பு எங்க ஒட்டும்? நழுவிப்போயி, கம்பி இரும்புல பட்டு ஃப்யூசு பூடுச்சி."

"பக்கத்துலயே குந்திகினு சுத்துனியே, உன் கண்ணு எங்க போச்சி?"

கம்பியைக் கழுவி, என் பாவாடை நுனியில் துடைத்து, வெறும் விரலால் அம்மாவையே மறுபடி முறுக்கச் சொன்னார்கள். முறுக்கினாள். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து சைக்கிள் வால்ட்யூபை, அந்த மெல்லிய ரப்பர்க் குழாயை, எடுத்துப் பெருமையாகக் காட்டினார். "இத உறை மாதிரி போட்டுட்டா உள்ள தண்ணியே பூராது." போடப் போனபோதுதான் தெரிந்தது, முறுக்குவதற்கு முன்பே கோத்திருக்க வேண்டும். பஸ் மறுபடி சிரித்தது. அவிழ்த்து, கோத்து, மறுபடி முறுக்கி, ரப்பரை அதன் மேல் இழுத்துவிட்டு, சக்கரத்து கிரீஸை வழித்து இரண்டு வாயிலும் அடைத்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தை உயரத்தில் கட்டிவிட்டு, அதற்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டார் சித்தப்பா. வழிகிற தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடுமாம். மற்ற ஒட்டுகளுக்கும் அதே வைத்தியம். புது ஃப்யூஸ் போட்டார்.

நாய்க்குட்டி வந்துவிட்டது. ஈரச் சாலையில் சிவப்பாக, மழைக்கு அசையாமல்.

பஸ்ஸிலிருந்து ஒரு பெருமூச்சு, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து விட்டதுபோல. கண்டக்டர், "வாய்யா ஏறு, உன் டிக்கெட்டு படவேடு வரைக்கும் கீது" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கையை மட்டும் ஆட்டினார். பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

அவர் எங்கள் பெட்டியில் ஏறினார். உள்ளே வரவில்லை. பின் விளிம்பில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "உள்ள வாங்க, நனையுது" என்றாள் அம்மா. அவர் திரும்பவில்லை. அம்மாவும் அதற்கு மேல் கூப்பிடவில்லை. சித்தியும் அவளும் புடவையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். சாம்பல் கதையைச் சொல்லிச் சொல்லி, சத்தம் வராமல் குலுங்கினார்கள். அம்மா சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவ்வப்போது தலையைக் குனிந்து காலுக்குக் கீழே எரிந்த சிவப்பைப் பார்த்தார், நிமிர்ந்து சாலையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். புடவை பாழானதில் எங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்கு அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். அந்த முதுகிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா, திட்டுவாரா என்று யோசித்துக்கொண்டே வைக்கோல் சூட்டில் தூங்கிப்போனேன்.