பொன்னுருக்குக்காகத் தள்ளிப்போட்ட ஒபரேசன்

போன வருடம் ஆவணி மாதம், வெள்ளவத்தையில் நடந்தது. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. இடைக்கிடை தலையிடி, பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம், அவ்வளவுதான். பரிசோதித்த டொக்டரோ குளுக்கோமா என்றார், இரண்டு கண்ணிலும் கண்புரை ஒபரேசன் செய்யவேண்டும் என்றார். பார்வைக்காக இல்லையாம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்து, நீர் வடியும் வழியை அடைக்கிறதாம். அதை எடுத்து மெல்லிய வில்லை வைத்தால் வழி திறக்கும், விட்டால் ஒருநாள் கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறிப் பார்வை போகும் என்று படம் கீறிக் காட்டினார். வலது கண்ணுக்குத் திகதியும் தந்தார்.

அதற்கு மூன்றாம் நாள் என் அண்ணன் மகனுக்குப் பொன்னுருக்கு. அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டா. “நல்லாத் தெரியிற கண்ணுக்கு என்ன அவசரம்? தாலிக்குப் பொன் உருக்கிற இடத்தில மாப்பிள்ளையின்ர மாமி கறுப்புக் கண்ணாடியோட நிண்டா சனம் என்ன கதைக்கும்?”

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். புரை முற்றினால்தான் வெட்டுவார்கள், தனக்குத் தெரியாததா என்றா. நானும் திகதியை மாற்றினேன்.

பொன்னுருக்கு அன்று காலை வலது கண் பிளக்கிற மாதிரி நோ. இரண்டு தரம் குமட்டிச் சத்தி எடுத்தேன். பித்தம் என்று அண்ணி இஞ்சி பிளேன்ரீ தந்து, படம் எடுக்கக் கூப்பிட்டா. நான் நோவுக்குக் குளிசை வாங்கத் தனியாக, கடைகள் நிறைந்த காலி வீதிக்கு இறங்கினேன். பார்மசியில் நின்றவர் முன்பின் தெரியாத முஸ்லிம் மனிதர். என் சிவந்த கண்ணைப் பார்த்ததும் எடுத்த குளிசையைத் திருப்பி வைத்துவிட்டார்.

“அக்கா, நான் மருந்து தர மாட்டன். இப்பவே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க.”

அவரே வெளியே வந்து த்ரீவீலை மறித்து, சாரதிக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தி அனுப்பினார். வீடு நிறைய நின்ற சொந்தக்காரரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மருந்து ஏற்றி அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு இரண்டு கண்ணிலும் வில்லையை மாற்றினார்கள். இடது கண்ணில் ஒரு குறையும் இல்லை. வலது கண்ணில் மூக்குப் பக்கம் இருண்டது இருண்டதுதான்.

பார்க்க வந்த அண்ணி, “எங்களுக்கென்ன தெரியும், நீர்தானே விளங்கப்படுத்தியிருக்க வேணும்” என்றா.

அவவில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் டொக்டர் கீறிய படம் எனக்கு வடிவாக விளங்கியிருந்தது. விளங்கியும் அண்ணியின் முகம் கோணக்கூடாது என்று என் கண்ணை விட்டுக்கொடுத்த என்னை, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.