கழித்துப் போட்ட கரி

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆலங்குடி பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அரை மைல் தள்ளி, கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு விவசாயியின் வளவில் எங்களுக்கு வீடு கிடைத்தது. முன்கட்டில் அவரும் அவர் மனைவியும். பின்கட்டில் நானும் என் மனைவியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுவில் இடுப்பளவு கிளுவை வேலி.

அவர் அதிகம் பேசமாட்டார். விடிந்ததும் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்குப் போய்விடுவார். அந்த அம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். ஏதாவது சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். ரோட்டில் போகிற பஸ் வரைக்கும் கேட்கும் சிரிப்பு. எதையும் வீணாக்கப் பிடிக்காது அவருக்கு. கொட்டாங்கச்சி அடுப்புக்குப் போகும், கடலைத் தோல் மாட்டுக் கொட்டகையில் பரப்பப்படும், கிழிந்த சாக்கு கால்மிதியாகும். “தூக்கிப் போடுறதுக்கு ரெண்டு நிமிசம் ஆகாதுங்க, திரும்ப வேணும்னா எங்கிட்டுப் போறது?” என்பார் என் மனைவியிடம்.

அந்த வருஷம் கோடை மழைக்குப் பின்னால் கம்பளிப்பூச்சி வந்தது. கொல்லை கொல்லையாக ஊர்ந்து, கடலைச் செடியின் இலையைத் தின்று குச்சியை மட்டும் விட்டுவிட்டுப் போனது. புதிதாக வந்திருந்த எண்ட்ரின் மருந்தை எல்லாரும் வாங்கினார்கள். அவரும் வாங்கினார். அடித்து முடித்த அன்று மத்தியானம், மீதி மருந்து இருந்த டின்னைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் இறைத்திருக்கிறார். மேலே வந்த வாளி டின்னில் இடித்து, டின் உள்ளே விழுந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கிணற்றுத் தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தது. மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. எத்தனை வருஷமாகவோ அதில் இருந்த ஆமை ஒன்றும் மிதந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று முறை முழுவதுமாக இறைத்துக் கொட்டினார்கள். ஊறிவந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாடை போகவில்லை. பிடித்து விட்ட கெண்டைக் குஞ்சுகள் கால் மணி நேரத்தில் சாய்ந்தன. ஊர்ப் பொதுக்கிணறு ஒரு மைலுக்கு அப்பால். அங்கேயும் சேறுதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் விடியும் முன்பே குடத்தோடு கிளம்பி, வெயில் ஏறித்தான் திரும்புவார்கள்.

கரி வாடையை உறிஞ்சும் என்று வகுப்பில் நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம் இருந்தது. யுத்தத்தில் விஷப்புகைக்கு அணிந்த முகமூடிக்குள் கொட்டாங்கச்சிக் கரியைத்தான் வைத்திருந்தார்கள் என்று படித்திருந்தேன். புகைக்கு ஆவது தண்ணீருக்கு ஆகாதா என்று தோன்றியது. அந்த அம்மாளிடம் கேட்டேன்.

“கொட்டாங்கச்சியா? கொட்டகை முழுக்க கிடக்கு. கடலைத் தோலு வேணுமா சார்? அதுவும் ஒரு வண்டி கிடக்கு” என்றார்.

குழி தோண்டி, இரண்டையும் போட்டு மூட்டி, மண்ணால் மூடிக் கரியாக்கினோம். இடித்துச் சலித்துக் கழுவிக் காயவைத்தோம். பானையின் அடியில் துளையிட்டு, உடைந்த செங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் கரி என்று நிரப்பி, மூன்று பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மரச்சட்டத்தில் நிறுத்தினேன். கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே வைத்த வெறும் பானையில் சொட்டுச் சொட்டாக வந்தது. வாடை இல்லை. அதில் விட்ட மீன் குஞ்சுகள் மறுநாளும் நீந்தின, அதற்கு மறுநாளும் நீந்தின.

ஒரு வாரம் பார்த்துவிட்டு நான் முதலில் குடித்தேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு எல்லாரும் குடித்தோம். கீழ்ப் பானையில் எப்போதும் நான்கு மீன் குஞ்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று தள்ளாடினாலும் பழைய கரியை அப்புறப்படுத்திப் புதுக் கரி போடுவேன். அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். இதை இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சுற்றிலும் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். தலைமையாசிரியர் சைக்கிளில் வந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரிலிருந்து விஷம் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கழித்த கரியைப் பின்சுவர் ஓரமாகக் கொட்டிக்கொண்டு வந்தேன். அது ஒரு சிறு மேடாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

“சார், சுவத்தோரம் கிடக்கே கரி, ஒங்களுக்கு வேணுமா?”

“வேண்டாம்மா, அதுக்கு இனிமே வேலையில்ல.”

“அப்ப நா எடுத்துக்கவா?”

“எடுத்துக்கங்க” என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்புக்கு என்றுகூட நினைத்தேனா என்பது இப்போது நினைவில்லை. என் கையில் இருந்த தாளில் ஒரு பையன் தவளையின் இதயத்தைத் தலைகீழாக வரைந்திருந்தான். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பத்து நாள் இருக்கும். காலையில் முன்கட்டில் ஏதோ உடைந்த சத்தம். அடுத்து அவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஓடினோம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் கிடந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியிருந்தது. வாயிலிருந்து நுரை தள்ளியது. கறுப்பு நுரை.

“பூச்சி கீச்சி தொட்டிருச்சா பாருங்க” என்று பாம்புக்கடியை நினைத்து யாரோ சொன்னார்கள். நான் பார்த்தது அந்த அம்மாளின் வலது கை ஆள்காட்டி விரலை. நுனி முதல் பாதிவரை கரியாக இருந்தது. கல்லின்மேல் ஒரு கொட்டாங்கச்சியில் நன்றாக அரைத்த கரித்தூள், உப்புக் கலந்து வைத்திருந்தது. பல் துலக்க.

அந்த அம்மாளைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அந்தக் கரித்தூளில் ஒரு கைப்பிடி எடுத்து, பொதுக்கிணற்றுத் தண்ணீரில் கலக்கி, கீழ்ப் பானையில் இருந்த மீன்களில் இரண்டை அதில் விட்டேன். சுற்றிச் சுற்றி ஓடின. துள்ளித் தரையில் விழுந்தன. எடுத்து மறுபடி விட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன.

மத்தியானத்துக்குள் அந்த மேட்டில் மிச்சமிருந்ததை முழுவதும் வாரி, ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தேன். கொட்டாங்கச்சியில் இருந்ததையும் சேர்த்து. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லப் போறீங்களா?” என்றாள்.

“சொல்லணும்.”

“அக்கா பொழச்சு வரட்டும். அப்பறம் சொல்லலாம்.”

மூன்றாம் நாள் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். வலிப்பு என்று சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில், கூடப் போயிருந்த அவரிடம், “பூச்சி மருந்து ஏதும் குடிச்சாங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவருக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் விழுந்ததற்கு முந்தின நாள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ வாக்குவாதம் நடந்தது பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்குத் தெரியும். மாடு விற்கிற விஷயம். சாதாரணப் பேச்சு. ஆனால் சாவு வீட்டில் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மருந்து குடித்துவிட்டாள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் உறுதியாகிவிட்டது.

நான் அங்கேதான் நின்றேன். பந்தலுக்கு மூங்கில் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் அதைவிட, பானையைப் பார்த்துத் தோளைத் தட்டிய மனிதர்களின் முகத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் போயிற்று. அவர் கொல்லைக்குப் போவதை விட்டார். சாயங்காலம் துவைக்கிற கல்லில் வந்து உட்காருவார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து போவார். எனக்கோ, தாளை எடுத்து மேஜையில் வைத்தால் போதும், வேலிப்பக்கம் கேட்கும்: “அப்ப நா எடுத்துக்கவா?” சிரிப்போடு இல்லை. வெறும் கேள்வியாக. பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

மாற்றல் கேட்டு எழுதினேன். உத்தரவு வந்தது. சாமான் கட்டியபின் ஒரு சாயங்காலம் போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரியில் விஷம் தங்கும் என்பது, அதை நான் கொட்டிவைத்தது, மீன்கள், குழி, எல்லாம்.

அவர் உட்கார்ந்திருந்த கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அப்ப அவ குடிக்கலயா?” என்றார். “வேணும்னு குடிக்கலயா சார்?”

“இல்லீங்கண்ணே. சத்தியமா இல்ல.”

“மாட்ட விக்காதீங்கன்னா. நா சத்தம் போட்டேன். அதுக்கா குடிச்சா, அதுக்கா குடிச்சான்னு மூணு மாசமா இதே கல்லுல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க அந்தா பத்தடி தள்ளி இருந்தீங்க.”

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

“எடுத்துக்கவான்னு கேட்டாளா ஒங்ககிட்ட?”

“கேட்டாங்க.”

“கேக்காம எதையும் தொடமாட்டா” என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் வண்டி ஏறும்போதும் அந்தக் கதவு திறக்கவில்லை. கிணற்றை அவர் மண் போட்டுத் தூர்த்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

புது ஊர் மீமிசல் பக்கம். கடற்கரை. தண்ணீர் உப்பு. நான் விஞ்ஞான வாத்தியார் என்று தெரிந்ததும் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மண்ணும் கரியும் வைத்து ஏதோ செய்தால் தண்ணீர் நன்றாகிவிடுமாமே, ஆலங்குடிப் பக்கம் ஒருவர் செய்தாராமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். உப்பைக் கரி எடுக்காது என்பது எனக்குத் தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். என் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை.